பொறியும் பொழுதும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கடுகண்ணாவை ஏற்றம் மோட்டார் வண்டிகளுக்கு ஒரு பரீட்சை மண்டபம் போன்றது. சமநிலத்தில் குறையெதனையும் காட்டாது ஓடிவந்த வண்டி அவ்விடத்தில் தன் உண்மை நிலையை வெளிப்படுத்திவிடும். அறுபது ஆண்டுகள் பழமையான மொறிஸ் மைனர் கார் ஒன்று, நால்வரை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவதாகக் கொள்க. ஓட்டுபவர் கியரைக் குறைக்க மனமின்றி மேற்கியரிலேயே அக்சிலரேற்றரை அழுத்தி மிதிக்கின்றார். அவ்வேளை எஞ்சினிலிருந்து ஓர் ஒலி எழுகின்றது. தகரப் பேணியொன்றினுள் சில சிறு கற்களையிட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலி அது. ஏற்றம் முடிந்ததும் ஒலி மறைகின்றது. ஓட்டியவரும் அதனை மறந்துவிடுகின்றார். எஞ்சினோ அதனை மறப்பதில்லை. பொறி தனக்குரிய பொழுதுக்கு முன்னரே வந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அந்த ஒலியின் பொருள்.

பொறி என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. இயந்திரமும் பொறி, நெருப்பின் துளியும் பொறி. பெற்றோல் எஞ்சினைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றையொன்று நம்பியே வாழ்கின்றன. வளியும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டரினுள் உறிஞ்சப்படுகின்றது. பிஸ்டன் மேலெழுந்து அதனை நெருக்குகின்றது. பிளக்கின் முனையில் தோன்றும் மின்பொறி அதனைப் பற்றவைக்கின்றது. விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. ஈற்றில் எரிந்த புகை வெளியேறுகின்றது. இவ்வளவும் பாடசாலை மாணவர் அறிந்தவையே. ஆயின், பொறி எக்கணத்தில் தோன்றவேண்டும் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

பிஸ்டன் உச்சியை அடையும் அதே கணத்தில் என்று விடை பகர்வது இயல்பு. அவ்விடை பிழையானது. சிலிண்டரிலுள்ள கலவை வெடிமருந்தைப் போல ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் அருகே தோன்றும் சிறு சுவாலை, காய்ந்த புற்றரையில் தீ பரவுவது போலக் கலவையினூடாகப் பரந்து சென்று எதிர்ச்சுவரை அடைகின்றது. இதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு நேரம் செல்லும். மனிதக் கணக்கில் அது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைவு. எஞ்சினின் கணக்கிலோ நெடும்பொழுது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, கிராங்குத் தண்டு செக்கனுக்கு 50 சுற்றுகள், அதாவது 18,000 பாகை திரும்புகின்றது. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிவதற்குள் அது 18 பாகை திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியிலிருக்கும்போது பொறி தோன்றுமாயின், தீ சிலிண்டர் முழுவதும் பரவுமுன்னரே பிஸ்டன் கணிசமான தூரம் இறங்கிவிடும். ஓடிச் செல்பவனின் முதுகைத் தள்ள முயல்வது போன்றது அச்செயல்.

ஆதலால், பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகைகளுக்கு முன்னரே பொறி தோன்றவேண்டும். எவ்வளவு முன்னர் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சிலிண்டரினுள் வாயுவின் அமுக்கம் உச்சத்தை எய்துவது, பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறக்குறைய 15 பாகை சென்ற நிலையில் நிகழுமாயின், அந்த எரிபொருளிலிருந்து பெறத்தக்க வேலையிற் பெரும்பகுதி கிடைத்துவிடும். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊஞ்சலாட்டும் சிறுவர்கள் இவ்விதியைப் படியாமலே அறிவர். ஊஞ்சல் தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கையில் தள்ளினால் கைதான் நோகும். வெகுதூரம் சென்றபின் தள்ளினால் கை வெறுமையைத் தள்ளும். திரும்பத் தொடங்கும் அந்தச் சிறு கணத்திலே தள்ளுபவனுக்கே ஊஞ்சல் வசப்படும்.

பொறி பிந்தினால் எஞ்சின் சோர்வடையும். எரிதல் முடியுமுன்னரே புகைப்போக்கி வாயில் திறப்பதனால், தண்டுக்குச் செல்லவேண்டிய வெப்பம் புகைக்குழாய்க்கும் குளிர்நீருக்கும் செல்கின்றது. வண்டி சூடேறும், பெற்றோல் வீணாகும். பொறி முந்தினால் விளைவு இதனிலும் கொடியது. பிஸ்டன் மேலெழும்போதே அமுக்கம் உயர்ந்து அதனை எதிர்க்கின்றது. அதனோடு, சுவாலை இன்னும் சென்றடையாத மூலையிலுள்ள கலவை, பரந்துவரும் தீயினால் நெருக்குண்டு வெப்பமேறி, சுவாலை வருவதற்குக் காத்திராது தானே ஒருங்கு பற்றிவிடும். அப்போது எழும் அமுக்க அலைகள் சிலிண்டர்ச் சுவரில் மோதுவதே கடுகண்ணாவை ஏற்றத்திற் கேட்ட ஒலி. அவ்வலைகள் பிஸ்டனின் தலையைக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுவதனால், வெப்பம் நேரே உலோகத்தில் இறங்கும். இது நீடித்தால் பிஸ்டன் வளையங்களுக்கிடையேயுள்ள பகுதி உடையலாம். பிஸ்டனின் தலையிலே துளை விழவும் கூடும்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலே இப்பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் கையில் இருந்தது. 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட போர்ட் நிறுவனத்தின் 'ரி' மாதிரிக் காரில், சுக்கானுக்குக் கீழே இரு நெம்புகோல்கள் இருந்தன. வலப்புறத்தது எரிபொருட் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும். இடப்புறத்தது பொறியை முற்படுத்தவும் பிற்படுத்தவும் உதவும். எஞ்சினைக் கையாற் சுழற்றித் தொடக்குமுன், பொறியைப் பிற்படுத்தவேண்டும். அதனை மறந்தவரின் கையைக் கிராங்குக் கம்பி எதிர்த்திசையில் உதைத்து எலும்பை முறித்துவிடும். அத்தகைய விபத்துகள் அக்காலத்தில் அரியனவல்ல. வண்டி வேகம் பெறுந்தோறும் நெம்புகோலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எஞ்சினின் குரலைக் கேட்டு, ஏற்றம் வந்தால் மீண்டும் பின்தள்ளி ஓட்டுவதே சாரத்தியம் எனக் கருதப்பட்டது.

சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த பற்றரியும் கொயிலும் கொண்ட பற்றவைப்பு முறை, 1910களிற் பரவத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அவர் வகுத்த மின்தொடக்கியும் சேர்ந்துகொண்டது. பற்றவைப்பில் அவர் காட்டிய அடிப்படையே அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான பெற்றோல் கார்களில் நிலைத்தது. அதன் இதயம் டிஸ்றிபியூட்டர். எஞ்சினின் வேகத்திற் பாதி வேகத்திற் சுழலும் ஒரு தண்டு. அதன்மேல் நான்கு மூலை கொண்ட ஒரு புடைப்பு. அப்புடைப்பு தள்ளுந்தோறும் திறந்து மூடும் ஒரு சோடிப் பொயின்றுகள். பொயின்றுகள் மூடியிருக்கையில் கொயிலின் முதற் சுற்றில் மின்னோட்டம் பாயும். அவை திறக்கும் கணத்திலே அவ்வோட்டம் அறுபட, இரண்டாஞ் சுற்றிற் பல்லாயிரம் வோல்ற்று எழுந்து, மூடியினுட் சுழலும் ரோற்றர் வழியாக உரிய பிளக்கைச் சென்றடையும். ஆகவே பொறியின் பொழுது என்பது, பொயின்றுகள் திறக்கும் கணமே. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் எஞ்சியவை யாவும் எளிதாகும்.

அக்கணத்தை மாற்றுவதற்கு டிஸ்றிபியூட்டரில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மெக்கானிக்கின் கை. டிஸ்றிபியூட்டரின் உடலையே சற்றுத் திருப்பி இறுக்கினால் அடிப்படைப் பொழுது அமைகின்றது. இரண்டாவது, வேகம். பொயின்றுகளின் தட்டுக்குக் கீழே இரு சிறு எடைகள் விற்சுருள்களாற் பிணைக்கப்பட்டுள்ளன. தண்டு விரைந்து சுழலுந்தோறும் இவ்வெடைகள் வெளிநோக்கி விரிந்து, புடைப்பைச் சுழற்சித் திசையிற் சிறிது முன்தள்ளும். நெம்புகோலை நகர்த்திய சாரதியின் கைக்கு ஈடாக அமைந்தவை இவ்வெடைகளே. வேகம் இரட்டித்தால் முற்படுத்தலும் இரட்டிக்கவேண்டும் என்பதன்று. வேகமேறக் கலவை கூடுதலாகக் கலங்கிச் சுழல்வதனால் தீயும் விரைந்து பரவும். இதனாலேயே மெல்லிய வில் ஒன்றும் வலிய வில் ஒன்றும் சேர்த்து அமைக்கப்பட்டன. மெல்லியது தொடக்கத்தில் இடங்கொடுக்க, வலியது பின்னர் தடுத்து நிறுத்தும்.

மூன்றாவது வழியே மிக நுட்பமானதும், மிகக் குறைவாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் ஆகும். அது வெற்றிடத்தால் முற்படுத்துதல். டிஸ்றிபியூட்டரின் பக்கத்திலே வட்டமான தகரச் சிமிழ் ஒன்று ஒட்டியிருப்பதையும், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்பரேற்றருக்குச் செல்வதையும் பழைய கார் வைத்திருப்போர் கண்டிருப்பர். அச்சிமிழினுள் ஒரு சவ்வும் ஒரு வில்லும் உள்ளன. குழாய் வழியே உறிஞ்சல் வந்தால், சவ்வு பின்னிழுக்கப்பட்டு, அதனோடு பிணைந்த கம்பி பொயின்றுத் தட்டைச் சுழற்சிக்கு எதிராகத் திருப்பும். பொயின்றுகள் முன்னரே திறக்கும், பொறி முற்படும்.

இதன் தேவை என்ன என்பதை அடுக்களையில் நிற்பவர் எளிதில் உணர்வர். காய்ந்த பன்னாடையும் தென்னோலையும் வைத்த அடுப்பு தீக்குச்சியைக் காட்டியதும் எரியும். ஈர விறகு வைத்த அடுப்பையோ, உலை வைக்கும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே மூட்டவேண்டும். எஞ்சினிலும் இவ்விரு நிலைகள் உண்டு. சமநிலத்தில் ஓட்டுபவர் அக்சிலரேற்றரை மெல்ல மிதித்துச் செல்கையில், கார்பரேற்றரின் கதவு சிறிதளவே திறந்திருக்கும். எஞ்சின் மூச்சிழுக்க முயன்றும் வளி போதாமையால், உள்ளிழுகுழாயில் வலிய வெற்றிடம் உண்டாகும். சிலிண்டருக்குட் செல்லும் கலவை அடர்த்தி குறைந்தது. முன்னைய எரிதலின் எஞ்சிய புகையும் அதிற் கூடிய விகிதத்திற் கலந்திருக்கும். ஈர விறகைப் போலவே அது மெதுவாக எரியும். அதற்குப் பொறி முன்னரே வேண்டும். ஏற்றம் வந்து அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தாலோ கதவு திறந்து, வெற்றிடம் மறைந்து, அடர்ந்த கலவை சிலிண்டரை நிரப்பும். அது காய்ந்த பன்னாடை; விரைவில் எரியும்; தானே பற்றும் இயல்பும் அதற்கு மிகுதி. அக்கணமே சிமிழின் வில் சவ்வைத் தள்ளிப் பொறியைப் பின்கொண்டுவந்துவிடும். எடைகள் எஞ்சினின் வேகத்தை அறியும். சவ்வு அதன் சுமையை அறியும். சீராக ஓடும் காரிற் சவ்வு மட்டும் பத்து முதல் இருபது பாகை வரை பொறியை முற்படுத்தவல்லது.

இதிலிருந்து, கோளாறு காண்பதற்கு ஒரு வழியும் பிறக்கின்றது. முழு மிதியில் ஏற்றம் ஏறும்போது ஒலி எழுமாயின், அப்போது வெற்றிடம் இல்லாமையாற் சிமிழைக் குறைகூற நியாயமில்லை. அடிப்படைப் பொழுதையோ, எடைகளையோ, பெற்றோலின் தரத்தையோதான் ஆராயவேண்டும். மெல்ல மிதித்துச் சமநிலத்திற் செல்லும்போது ஒலி எழுமாயின், சிமிழையும் பொயின்றுத் தட்டையும் ஆராய்வது தகும். எந்த ஒலியும் எழாமல் பெற்றோற் செலவு மட்டும் கூடிவருமாயின், அப்போதும் சிமிழை ஐயுறவேண்டும்.

ஏனெனில் சிமிழின் கோளாறு பெரும்பாலும் ஊமைக் கோளாறு. ஆண்டுகள் செல்லச் சவ்வு துளைபடும். குழாயின் இரு முனைகளிலுமுள்ள றப்பர் வெடிக்கும். பொயின்றுத் தட்டு துருவாலோ பழைய கிறீசாலோ இறுகிவிடும். அப்போதும் கார் ஓடும், ஏற்றமும் ஏறும். இதனாற் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, அது தேவையற்ற உறுப்பென்று கூறுவோரும் உளர். இழப்பு பெற்றோற் கணக்கில் மட்டுமே தெரியும். 2022ஆம் ஆண்டிலே இலங்கையில் எரிபொருள் அரிதாகி, வரிசைகள் நீண்டு, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, அந்த ஊமைக் கோளாற்றின் விலை பலருக்கு விளங்கியிருக்கும். சவ்வைப் பரிசோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கார்பரேற்றர்ப் பக்கத்திற் குழாயைக் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சி, முனையை நாக்கால் அடைத்துப் பிடித்தாற் போதும். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் பொயின்றுத் தட்டு அசைவது தெரியும். நாக்கை எடுக்கும்வரை தட்டு அந்நிலையிலே நின்றாற் சவ்வு நலமானது. தானே திரும்பிவிட்டால் எங்கோ கசிவு உண்டு.

இனி, பெற்றோலின் தரம். தானே பற்றாது பொறுத்திருக்கும் ஆற்றலையே ஒக்ரேன் எண் குறிக்கின்றது. எண் கூடக்கூடப் பொறுமையும் கூடும். 1921ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கெற்றரிங்கின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி, சிறிதளவு ஈயச் சேர்வையைப் பெற்றோலிற் கலந்தால் இப்பொறுமை பெரிதும் உயர்வதைக் கண்டார். எஞ்சினுக்கு நன்மை செய்த அந்த ஈயம், மனிதரின் குருதியிலும் குழந்தைகளின் மூளையிலும் நஞ்சாகப் படிந்தது. இலங்கை 2002ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் கார்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை முடிவுற்றது. பிரித்தானியாவிலோ, போர்க்காலம் தொடங்கி 1953ஆம் ஆண்டு வரை எல்லா நிறுவனங்களின் பெற்றோலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, 70ஐச் சற்றே கடந்த ஒக்ரேன் எண்ணுடன் விற்கப்பட்டது. அக்காலக் கார்களின் கைந்நூல்களிற் காணப்படும் பாகைக் கணக்கு, அக்காலப் பெற்றோலை எண்ணி எழுதப்பட்டது.

மொறிஸ் மைனரின் வரலாறே இதற்குச் சான்று. அலெக் இஸிகொனிஸ் வடிவமைத்த அக்கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலிற் காட்டப்பட்டது. பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1952இல் அதற்கு 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1956இல் 948 எஞ்சினும், 1962இல் 1,098 எஞ்சினும் பொருத்தப்பட்டன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இக்கார்களில், கலவை நெருக்கப்படும் விகிதம் 7.2 முதல் 8.5 வரை வேறுபடும். இன்று இலங்கையில் விற்கப்படும் 92 ஒக்ரேன் பெற்றோல் முன்னதற்குத் தேவைக்கும் மேலானது; சிறந்த தரப் பெற்றோலை எண்ணிச் செய்யப்பட்ட பின்னதற்கோ ஏற்றத்திற் போதாமலிருக்கலாம். அந்நிலையிற் பொறியை இரண்டொரு பாகை பிற்படுத்தவேண்டும், அல்லது 95 ஒக்ரேன் பெற்றோலை நாடவேண்டும். ஆகவே அயலவரின் மொறிஸ் மைனருக்குப் பொருந்திய பாகை தம்முடையதற்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

எரிபொருள் மாறினாற் பொழுதும் மாறவேண்டும் என்பதை வடபகுதி மக்கள் கண்டதுபோல வேறெவரும் கண்டிருப்பரோ என்பது ஐயமே. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பல்லாண்டுகளாக ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஓய்ந்துவிடவில்லை. அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது; ஆதலாற் சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயைக் கொடுத்தனர். ஒரு சிறு போத்தற் பெற்றோல் பொன்போலப் பேணப்பட்டது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வண்டியும், மணமக்களை ஏற்றிச்செல்லும் வண்டியும் புகையும் மணமுமாக அவ்வாறே சென்றன.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகத் தாழ்ந்தது. பெற்றோலுக்கென அமைத்த பொழுதிலே அதனை எரித்தால், எஞ்சின் ஏற்றத்தில் மட்டுமன்றிச் சமநிலத்திலும் கற்பேணியாக ஒலிக்கும். பொறியைப் பிற்படுத்தினால் ஒலி அடங்கும்; ஆனால் வலு குறையும், வெப்பம் கூடும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். உழவு யந்திரம் செய்தவர்கள் இதனை முன்னரே அறிந்திருந்தமையாலேயே, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் பேர்குசன் உழவு யந்திரங்களில் நெருக்கல் விகிதத்தைத் தாழ்த்தி அமைத்தனர். காருக்கு அவ்வசதி இல்லை. டிஸ்றிபியூட்டரின் உடலைத் திருப்புவது ஒன்றே கைக்கெட்டிய வழி. எந்தக் கைந்நூலிலும் அதற்கான பாகை எழுதப்பட்டிருக்கவில்லை. வலுவுக்கும் ஒலிக்கும் இடையேயுள்ள அந்த ஒடுங்கிய இடத்தைக் காது ஒன்றே காட்டவேண்டியிருந்தது. பின்னாளிற் பெற்றோல் திரும்பி வந்தபோதும் அதே கடமை மறுபுறமாக நின்றது. பிற்படுத்திய பொறியை மீண்டும் முன்கொண்டுவர மறந்த கார், நல்ல பெற்றோலையும் மண்ணெண்ணெய் போலவே வீணாக்கும்.

பழைய காரின் பொழுதை அமைக்க விரும்புவோர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் நன்று. முதலிற் பொயின்றுகளின் இடைவெளியைச் சரிசெய்க. மொறிஸ் மைனரின் லூக்காஸ் டிஸ்றிபியூட்டருக்கு அது 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. இடைவெளி கூடினாற் பொயின்றுகள் முன்னரே திறக்கும். குறைந்தாற் பிந்தித் திறக்கும். புடைப்பில் உரசும் குதி தேயத்தேய இடைவெளி குறைவதனாற் பொறி தானாகவே பிந்திப்போகும். இடைவெளியைச் சரிசெய்யாது பொழுதை அமைப்பவர், மணலின்மேற் கோடு கிழிப்பவரே.

அடுத்து, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையாற் சுழற்றி, முதலாம் சிலிண்டர் நெருக்கல் வீச்சில் இருக்கையில், முன்சில்லிலுள்ள வெட்டு அடையாளத்தைக் கைந்நூல் கூறும் பாகைக்கு நேரே கொண்டுவருக. எப்போதும் எஞ்சின் சுழலும் திசையிலேயே திருப்பவேண்டும். பின்னோக்கித் திருப்பினாற் சங்கிலியிலும் பற்சக்கரங்களிலுமுள்ள தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். பின்னர் 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றின் ஒரு கம்பியை டிஸ்றிபியூட்டரின் பக்க முனையிலும், மற்றதை எஞ்சினின் உலோகத்திலும் தொடுத்து, சாவியைத் திருப்புக. பொயின்றுகள் மூடியிருக்கும்வரை குமிழ் எரியாது. அவை திறக்கும் கணத்தில் ஒளிரும். பற்றியை நெகிழ்த்தி, குமிழ் அப்போதுதான் ஒளிரத் தொடங்கும் இடத்திலே டிஸ்றிபியூட்டரை நிறுத்தி இறுக்கவேண்டும். இவ்வெஞ்சினின் ரோற்றர், மேலிருந்து நோக்குகையில் இடஞ்சுழியாகச் சுற்றுவது. எனவே உடலை வலஞ்சுழியாகத் திருப்பினாற் பொறி முற்படும். இடஞ்சுழியாகத் திருப்பினாற் பிற்படும். லூக்காஸ் டிஸ்றிபியூட்டரில் நுண்ணிய திருத்தத்துக்கென விரலாற் திருகும் சிறு உருளை ஒன்றும் உண்டு. டிஸ்றிபியூட்டரின் ஒரு பாகை, கிராங்குத் தண்டின் இரண்டு பாகைக்குச் சமம் என்பதை மறத்தலாகாது. கை சிறிது அசைந்தாலும் கணக்குப் பெரிதாக மாறும்.

முதலாம் பிளக்கின் கம்பியோடு தொடுக்கும் மின்னொளி விளக்குக் கிடைக்குமாயின், ஓடும் எஞ்சினிலேயே இதனைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பொறிக்கும் விளக்கு மின்னுவதாற் சுழலும் அடையாளம் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். முதலிற் சிமிழின் குழாயைக் கழற்றி அடைத்து, மெல்லிய ஓட்டத்தில் அடையாளத்தைப் பார்க்கவேண்டும். வேகத்தைக் கூட்டும்போது அடையாளம் சீராக நகர்ந்தால் எடைகள் நலம். நகராவிட்டாலும், தாவித் தாவி நகர்ந்தாலும் அவற்றிற் குறையுண்டு. பின்னர் குழாயை மீளப் பொருத்தி அதே வேகத்தில் ஓடவிட்டால், அடையாளம் மேலும் முன்செல்லவேண்டும். அதுவே சவ்வு உயிரோடு இருப்பதற்கு அறிகுறி. விளக்கைப் பிடித்திருப்பவர் சட்டைக் கையும் சால்வைத் தொங்கலும் விசிறியில் அகப்படாமற் காத்தல் வேண்டும்.

ஈற்றிலே மீண்டும் அந்த ஏற்றம். குமிழும் விளக்கும் காட்டியது தொடக்கம் மட்டுமே. சூடேறிய எஞ்சினோடு, வழமையாக நிரப்பும் பெற்றோலோடு, வழமையான சுமையோடு ஓர் ஏற்றத்தில் ஏறிப் பார்க்கவேண்டும். ஒலி எழுந்து நீடித்தால் ஒரு பாகை பிற்படுத்துக. ஒலியே இல்லாது வண்டி சோம்பி ஏறினால் ஒரு பாகை முற்படுத்துக. ஒரு வேளையில் ஒரு பாகை. அதற்கு மேல் வேண்டாம். காதுக்கு எட்டியும் எட்டாததுமான மெல்லொலி கணப்பொழுது தோன்றி மறையும் எல்லையைக் கண்டபின், அவ்வெல்லைக்குச் சற்றே இப்பால் நிற்பதே எஞ்சினுக்குப் பாதுகாப்பு.

இக்காலக் கார்களில் இப்பணி முழுவதையும் கணினி மேற்கொள்கின்றது. எஞ்சினின் உடலிற் பொருத்திய ஓர் உணரி அந்த ஒலியைக் கேட்டு, மனிதக் காது உணருமுன்னரே பொறியைப் பிற்படுத்திவிடும். அது செய்வதும், மெக்கானிக் ஒருவர் ஏற்றத்திலே காதைக் கொடுத்துச் செய்ததும் ஒன்றே. ஆயினும் பழைய கார்கள் இன்னும் இந்நாட்டின் தெருக்களில் ஓடுகின்றன. 1990களில் மொறிஸ் மைனருக்கான உதிரிப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் உண்டு. பாகங்களைச் செய்துவிடலாம். பொழுதை அறியும் காதைப் பட்டறையில் வார்க்க முடியாது. அது வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கின் பக்கத்திலே ஓர் இளைஞன் அமர்ந்து ஏற்றம் ஏறினால் மட்டுமே கைமாறக்கூடியது. அந்த ஒலி எழும்போது, "இதோ, கேள்" என்று சொல்வதற்கு ஒருவரும், கேட்பதற்கு ஒருவரும் வண்டியில் இருக்கவேண்டும்.